மிரர்: கண்ணாடியா, படித்தளமா?

கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அருகிலுள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கவும்னு வருது. எந்தக் கண்ணாடி?" இதே கேள்வி என் காதில் விழுவது நான்காவது தடவை. கேட்டவர் மேல் தப்பே இல்லை. 'மிரர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்ணாடி என்று மொழிபெயர்த்தவர் மேல்தான்.

மிரர் என்பது ஒரு திட்டத்தின் கோப்புகளை மூலச் சேவையகத்திலிருந்து எடுத்து, வேறோர் இடத்தில் அப்படியே வைத்து, யாரும் இறக்கிக்கொள்ளத் தரும் சேவையகம். பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் தங்கள் வட்டையும் பேண்ட்வித்தையும் இதற்கு இலவசமாகத் தருகின்றன. சொல்லின் வேர் லத்தீன், 'வியந்து நோக்குதல்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் கண்ணாடிக்குப் பழைய பெயர் ஆடி. 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை' என்கிறது குறுந்தொகையின் 8ஆம் பாட்டு. நாம் கையைத் தூக்கினால் அந்தக் கணமே பாவையும் தூக்கும். மிரர் அப்படியா? டெபியன் என்ற லினக்ஸ் வகையின் களஞ்சியம் ஒரு நாளைக்கு 4 முறை புதுப்பிக்கப்படுகிறது. மிரர் நடத்துபவர் ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் நிரலை ஓட்டி அதைப் பின்தொடர்கிறார், அதுவும் இரண்டு கட்டமாக. முதலில் மென்பொருள் பொதிகள், அப்புறம்தான் எந்தப் பொதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக் கோப்புகள். வரிசை மாறினால், இன்னும் வந்துசேராத பொதியை அட்டவணை கைகாட்டும், நிறுவல் பாதியில் முறியும். இது உட்கார்ந்து ஏட்டைப் படியெடுக்கிற வேலை. கண்ணாடிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. ஆள் நகர்ந்தால் கண்ணாடியில் உருவம் போய்விடும். மூலச் சேவையகம் படுத்துவிட்டாலும் கோப்பு கிடைக்க வேண்டும் என்றுதானே மிரரே வைக்கிறோம்! உவமை தலைகீழாக நிற்கிறது.

'பிம்பத்தளம்' என்பாரும் உண்டு. ஒரு வட்டை முழுதாக ஒரே கோப்பில் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பையும் அவர்களே பிம்பம் என்கிறார்கள். 'பிம்பத்திலிருந்து பிம்பத்தை இறக்கவும்' என்று எழுதிவிட்டு, எழுதியவராவது அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாரா?

'நகல்தளம்' எல்லோருக்கும் புரியும். ஆனால் அசலுக்கு ஒரு படி கீழே என்ற வாடை நகலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிரரில் இருக்கும் கோப்பு அசலேதான். கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 எண்ணைக் கூட்டிப் பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறாது. அட்டவணையில் டெபியனின் கையொப்பம் இருப்பதால் இடையில் யாராவது கைவைத்தாலும் தெரிந்துவிடும்.

என் சொல் படித்தளம். மூலப்படி, கையெழுத்துப்படி, படியெடுத்தல் என்று ஏட்டுக் காலத்திலிருந்து கையில் இருக்கும் சொல்தான் படி. படிக்கட்டோ படிப்போ நினைவுக்கு வரும் என்பார்கள். 'இந்தப் படித்தளம் 6 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள், குழப்பமே வராது. அதே இடத்தில் கண்ணாடியை வைத்தால் வாக்கியம் நிற்குமா?

படித்தளம் பிடிக்காதவர்கள் மிரர் என்றே எழுதட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அகராதியின் முதல் பொருளை ஒட்டவைத்துவிட்டு அதைத் தமிழாக்கம் என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. நிறுவியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால், அந்தத் திரையில் 'அருகிலுள்ள படித்தளத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்திருக்கும்.