அலாரம் ஏன் வாயை மூடியது?

பென்னாகரம் பக்கம் கேழ்வரகு தூற்றும் களத்தில், பெரியவர்கள் அசந்த நேரம் பார்த்து வெறும் முறத்தை எடுத்துக்கொண்டு விளையாடுவோம். வாய்ப்பக்கம் காற்றைப் பார்க்கும்படி பிடித்து லேசாகத் தூக்கினால், முறம் கையோடு மேலே எழும்பப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இன்னும் எழும்பும். அளவு தாண்டிவிட்டால் அவ்வளவுதான், நெஞ்சில் வந்து அறையும்.

விமான இறக்கையும் அப்படித்தான். காற்றை அது சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும்; தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால். இன்ஜின் நின்றுபோவது என்று பலரும் நினைக்கிறார்கள், இல்லை. அதிக உயரத்தில், அதிக வேகத்தில் இந்த எல்லை இன்னும் குறைவு.

கோணத்தை அளக்க விமானத்தின் மூக்குப் பக்கவாட்டில் சின்னத் துடுப்பு ஒன்று இருக்கும். காற்று வரும் திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்ளும். கோயில் கொடி காற்றுவாக்கில் திரும்புவது போலத்தான். ஆனால் காற்று பலமாக இருந்தால்தான் அது நேராக நிற்கும்.

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக்கின் மேல் 35,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள் அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானி விமானத்தின் மூக்கை மேலே இழுத்தார். ஸ்டால் அலாரம் 54 விநாடி விடாமல் கத்தியது. அப்புறம் நின்றுபோனது.

ஆபத்து நீங்கி அல்ல. கோணம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. அந்தச் சாய்வில் குழாய்க்குள் காற்று நேராகப் புகாததால் காட்டிய வேகம் 60 நாட் (knot) அளவுக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்குக் கீழே போனது. அந்த வேகத்தில் துடுப்பு சொல்வதை நம்ப முடியாது என்று கம்ப்யூட்டர் அதை ஒதுக்கிவிடும். கோணம் தெரியாவிட்டால் அலாரமும் இல்லை.

கொடுமை இனிமேல்தான். ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். சற்றுத் தாழ்த்தினால் வேகக் கணக்கு திரும்பி, அலாரம் மறுபடி அலறும். சரியானதைச் செய்தால் திட்டு, தவறானதைச் செய்தால் மௌனம்! ஆட்டோபைலட் விலகிய நாலரை நிமிடத்துக்குள் 228 பேரோடு விமானம் கடலில் விழுந்தது.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் ஏர் 610 என்ற போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் கதை நேர் எதிர். பிழையாக அளவு திருத்திய, கோணம் அளக்கும் இடப்பக்க சென்சார், வலப்பக்கத்தைவிட 21 டிகிரி கூடுதலாகக் காட்டியது. இல்லாத ஸ்டாலுக்கு எச்சரிக்கையாக, கேப்டன் பிடித்திருந்த கட்டுப்பாட்டு ஸ்டிக் நடுங்கியது. எம்காஸ் என்ற மென்பொருளோ மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. 189 பேர் இறந்தார்கள். வலப்பக்க சென்சார் நல்ல நிலையில்தான் இருந்தது. எம்காஸ் அதைக் கேட்கவேயில்லை. அடுத்த மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொரு 737 மேக்ஸும் இதே வழியில் விழுந்த பிறகுதான், இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மென்பொருளைத் திருத்தினார்கள்.