அண்ணன் பெயரோடு பொருந்தட்டும், அண்ணன் பெயராகவே கேட்க வேண்டாம்

பெரியவன் ரித்விக். அதனால் சின்னவன் ரித்திக். அக்கா தன்யா என்றால் தங்கை தன்வி. யாழினிக்குப் பின்னால் யாழிசை. சென்னையில் என்னைப் போலக் குழந்தைகள் கிளினிக் நடத்தும் யாருடைய பதிவேட்டைப் புரட்டினாலும் இப்போது இப்படித்தான் ஜோடி ஜோடியாகப் பெயர்கள் வருகின்றன. கேட்க அழகுதான். பெயர் வைப்பது பெற்றவர்கள் பாடு, அதில் மூக்கை நுழைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இரண்டாவது குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டு என் முன்னால் உட்காருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுவேன்: இரண்டு பெயருக்கும் பொருளில் சொந்தம் இருக்கட்டும், ஓசையில் வேண்டாம்.

ஏன் என்று கேட்பார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒன்று, முகவரி ஒன்று, பதிவில் இருக்கும் அப்பாவின் செல்போன் எண்ணும் ஒன்று. எங்கள் வரவேற்பில் இருக்கிற பெண் அந்த எண்ணைத் தட்டினால் இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்த வரியில் வந்து நிற்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டால், வரிசையில் பதினைந்து பேர் காத்திருக்கும் திங்கட்கிழமை காலையில் எந்த வரியை அமுக்குவாள்? நோயாளி யார் என்பதைக் குறைந்தது இரண்டு அடையாளங்களை வைத்து உறுதி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிக்கு முகவரியும் போனும் அடையாளமாக உதவாது. பெயரும் பிறந்த தேதியும்தான் மிச்சம். இரட்டைக் குழந்தைகளுக்குத் தேதியும் போயிற்று.

மழைக்காலம் வந்தால் இந்தச் சிக்கல் பெரிதாகிவிடும். அக்டோபர், நவம்பரில் டெங்கு வருகிற நேரத்தில் வீட்டில் ஒரு பிள்ளை படுத்தால் இன்னொன்றும் கூடவே படுக்கும். ஒரு வீட்டில் (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) ஏழு வயது தன்யா, நான்கு வயது தன்வி, இருவருக்கும் காய்ச்சல். வெளியே ஒரு லேபில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு இரண்டு ரிப்போர்ட் வந்தன. ஒன்றில், டெங்குவில் குறையும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2,10,000. இன்னொன்றில் 84,000. குறைவாக இருந்த தாளில் பெயர் 'கே. தன்வி', வயது 7. பெயர் தங்கையுடையது, வயது அக்காவுடையது. லேபில் கேட்டால் பெயர்தான் சரி என்றார் ஒருவர், பார்கோடு ஒட்டும்போது மாறியிருக்கலாம் என்றார் இன்னொருவர். யாரைக் கண்காணிப்பில் வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது? இருவருக்கும் மறுபடி ஊசி. "எனக்குத்தான் எடுத்தாச்சே, அவளுக்கு மட்டும் எடுங்க" என்று சின்னவள் போட்ட சத்தம் தெரு முனை வரை கேட்டது. 84,000 பெரியவளுடையது. இரண்டு பேரும் நன்றாகத்தான் தேறினார்கள். தவறு லேபுடையது, பெற்றோருடையது இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அக்கா பெயர் தன்யா என்றும் தங்கை பெயர் மலர்விழி என்றும் இருந்திருந்தால், அந்தப் பார்கோடு ஒட்டியவர் கண்ணே அதைப் பிடித்திருக்கும்.

இனி வீட்டுக்குள் வாருங்கள். காய்ச்சலுக்கு நாங்கள் எழுதும் பாராசிட்டமால் சிரப் கடையில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் இன்னொன்று. குழந்தையின் எடையில் கிலோவுக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக் கணக்கு. 10 கிலோ இருக்கும் ஒன்றேகால் வயதுத் தம்பிக்கு 120 சிரப்பில் சுமார் 6 மில்லி வரும். 20 கிலோ இருக்கும் ஆறு வயது அண்ணனுக்கு 250 சிரப்பில் பார்த்தால் அதுவும் 6 மில்லிதான்! இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து, ஒரே 6 மில்லி, பார்க்க ஒரே மாதிரி பாட்டில். சீட்டின் தலைப்பில் ரித்விக், ரித்திக். அப்பாவும் அம்மாவும் ஓ.எம்.ஆரில் ஆபீஸில் இருக்க, மருந்து கொடுப்பது பாட்டி. போனில் கேட்பார்: "இது யாருக்குடா, ரித்விக்குக்கா ரித்திக்குக்கா?" இந்தக் கேள்விக்கு டைடல் பார்க் சிக்னலில் நின்றுகொண்டு பதில் சொல்லிப் பாருங்கள். அண்ணனின் பாட்டிலிலிருந்து தம்பிக்கு 6 மில்லி போனால் அவனுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. ஒரு வேளை மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு வேளை, இரண்டு மூன்று நாள் என்று அதே தப்பு தொடர்ந்தால் அது கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவு.

ஆஸ்பத்திரிக்குள்ளும் பெயர்க் குழப்பம் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் இல்லாததால் 'பேபி பாய்', 'பேபி கேர்ள்' என்று மொட்டையாக எழுதும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. நியூயார்க்கில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இரண்டில் தாயின் பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்ததும், ஒரு குழந்தைக்கான மருந்து உத்தரவு இன்னொரு குழந்தையின் பதிவில் ஏறுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2015-ல் வெளிவந்த ஆய்வு அது. நம் ஊரிலும் கைப்பட்டையில் தாய் பெயரைத்தான் எழுதுகிறோம். இரட்டையர் என்றால் ட்வின் ஒன்று, ட்வின் இரண்டு. அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு பேருக்கும் வீட்டுக்குப் போனதும் ஆதிரா, ஆதிரை என்று பெயர் வைத்துக்கொண்டு ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வருவார்கள். அன்றைக்கே அட்டை மாறும்.

அப்புறம் கூப்பிடுகிற கதை. அம்மாக்கள் ஒரு பிள்ளையைக் கூப்பிட இன்னொரு பிள்ளை பெயரைச் சொல்வது ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஓசையில் நெருங்கிய பெயர்கள் என்றால் இது அதிகமாக நடக்கிறது என்று அமெரிக்காவில் 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-ல் வந்த இன்னொன்றில், வீட்டு நாயின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். ஆக இது மறதி நோயெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு. ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் குழந்தை தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறதா என்று நாங்கள் சோதிப்போம். காது கேட்பதையும் வளர்ச்சியையும் பற்றி அது நிறையச் சொல்லும். நாள் முழுக்க வீட்டில் "ரித்து... ரித்து..." என்று இருவரையும் பொதுவாக அழைத்துக்கொண்டிருந்தால், குழந்தை திரும்பாததற்குக் காரணம் என்ன என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடுகிறது. செல்லப் பெயராவது ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.

சரி, பொருத்தமே வேண்டாமா என்றால், தாராளமாக வேண்டும். நம் பெரியவர்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்கனன்: நான்கு பேரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டவுடன் தெரியும், ஒருவர் பெயர் இன்னொருவர் பெயராகக் காதில் விழாது. வள்ளி, தெய்வானை என்று இரட்டைப் பெண்களுக்கு வைத்த தலைமுறை ஒன்று உண்டு. திராவிட இயக்கத்து வீடுகளில் கபிலன், பரணன் என்று வைத்தார்கள், சேரன், சோழன், பாண்டியன் என்று மூன்று பையன்களுக்கும் வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆறுகளின் பெயரில் போகலாம்: பொன்னி, வைகை. (சென்னைக்காரர்கள் சொந்த ஊர் ஆற்றின் பெயரை வைக்க முடியாமல் போனது தனிச் சோகம்.) அண்ணன் முகிலன் என்றால் தங்கை மழையாகவோ கயலாகவோ இருக்கலாம். அக்கா யாழினி என்றால் தம்பிக்கு இசைவாணன் எவ்வளவு அழகான துணை! யாழுக்கு இன்னொரு யாழ்தான் வேண்டும் என்பதில்லை.

"அங்கவை, சங்கவை என்று பாரியின் மகள்களுக்கே எதுகையோடுதானே வைத்தார்கள்" என்று தமிழாசிரியரான ஒரு தாத்தா என்னை மடக்கினார். நல்ல மடக்கல்தான். சங்கப் பாடலில் அவர்கள் வெறும் 'பாரி மகளிர்', அந்தப் பெயர்கள் பிற்கால வழக்கு என்று அவரே அடுத்த மூச்சில் சொல்லிவிட்டார். எப்படியானாலும் அந்த இருவருக்கும் ஆதாரும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

பெயரைத் தேர்ந்த பின் மூன்று விஷயம் பாருங்கள். முதல் எழுத்தின் ஓசை வேறாக இருக்கிறதா? தமிழில் பெயரின் முடிவு பெரும்பாலும் ஒத்துத்தான் போகும், ஆண்களுக்கு 'அன்', பெண்களுக்கு 'இனி', அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். தொடக்கம் மாறினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அடுத்து, மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து இரண்டு பெயரையும் கத்திப் பாருங்கள், யாரைக் கூப்பிட்டீர்கள் என்று ஹாலில் இருப்பவர் சரியாகச் சொல்கிறாரா? கடைசியாக, ஆங்கிலத்தில் இனிஷியலோடு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி: பிள்ளைகள் வெவ்வேறு நட்சத்திரமாக இருந்தால் எழுத்து தானாக மாறிவிடும். எண் கணிதக்காரர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் சண்டை. மூத்தவளுக்கு வெறும் 'டி' போட்டு எழுதிய அதே 'த'வை இளையவளுக்கு 'டி.எச்.' ஆக்கி, கூடவே ஒரு 'ஏ' வையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து யாருக்கு எந்த எழுத்து என்று அப்பாவுக்கே நினைவிருக்காது.

இனிஷியலும் இப்படித்தான். மூத்தவனுக்குப் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுதாக எழுதிவிட்டு, இளையவளுக்கு முன்னால் ஒற்றை எழுத்தோடு நிறுத்துகிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தாளில் தெரியவில்லை என்று புரியும். நான் ஒத்துப்போகச் சொல்வது இந்த இடத்தில்தான். அப்பா பெயரோ அம்மா பெயரோ, முன்னாலோ பின்னாலோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி, ஒரே எழுத்துக்கூட்டலில்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கே பெயர் சொல்லியாக வேண்டும் என்று நினைத்து, கைக்கு வந்த எதுகைப் பெயரை எழுதிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதற்குப் பின்னும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருடம் வரை சேர்க்கலாம். சென்னைக்குள் பிறந்த குழந்தை என்றால் மாநகராட்சிதான் பதிவு செய்யும். ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை மனம் மாறியது என்று மாற்ற முடியாது. எழுத்துப் பிழை திருத்தலாம், புதுப் பெயர் வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பிறப்புச் சான்றுதான் மூலம் என்பதால், தொட்டில் போடும் நாள் வரையாவது பொறுத்து யோசியுங்கள்.

ஏற்கெனவே ரித்விக்கும் ரித்திக்கும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால்? மாற்றச் சொல்லவில்லை. டாக்டரிடமும் லேபிலும் பெயரோடு பிறந்த தேதியைச் சொல்லும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இரட்டையர் என்றால் கைப்பட்டையிலும் ரத்தக் குப்பியிலும் முழுப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனி நிறத்தில் ஃபைல், தடுப்பூசி அட்டையின் முகப்பிலும் அதே நிற ஸ்டிக்கர். மருந்து பாட்டிலில் கொட்டை எழுத்தில் பெயரை எழுதுவதைவிட 'பெரியவன் 20 கிலோ', 'சின்னவன் 10 கிலோ' என்று எழுதுவது மேல், பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். தெர்மாமீட்டர் ஒன்று போதும். மருந்து அளக்கும் சிரிஞ்ச் மட்டும் ஆளுக்கொன்றாக, அதே நிற டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.