ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

தக்கலையில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிற சின்ன கார் 1998-இல் அப்பா வாங்கியது. போன ஆடி மாதம் அதற்குத் தீராத தாகம் வந்தது. காலையில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரோடு இணைந்த ரிசர்வ் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும். அரை டம்ளர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவேன். மறுநாளும் அதே கதை. ஆனால் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தது. ஏசி போட்டு ஓட்டி வந்த நாளில் மட்டும் முன்பக்கத்தில் ஒரு சின்னக் குளம். தொட்டு முகர்ந்து பார்த்தேன். நிறமில்லை, வாசனையில்லை, பிசுபிசுப்பில்லை. நம்மூர்க் காற்றின் ஈரம் ஏசியின் குளிர்ந்த குழாய்களில் படிந்து சொட்டிய வெறும் தண்ணீர்தான் அது. எஞ்சினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட்டாக இருந்தால் பச்சையோ சிவப்போ சாயம் தெரியும், விரலில் வழுக்கும், லேசான இனிப்பு வாடையும் அடிக்கும்.

சரி, அரை டம்ளர்தானே என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிகிற நொடியில் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சுற்றியிருக்கிற அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. சின்ன கார்களில் இந்த வேலையைச் செய்வது சுமார் நாலு லிட்டர் திரவம். அதில் அரை டம்ளர் குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். அரை டம்ளரால் பெரிய ஆபத்தில்லை. அது வெளியேறிய வழியால்தான் ஆபத்து. அந்த வழியாக அழுத்தமும் போய்விடுகிறது.

வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் போட்டு மூடியதும் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை போகிறது. ரேடியேட்டர் மூடியிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. மூடியின் மேலேயே 0.9 என்றோ 1.1 என்றோ அச்சடித்திருப்பார்கள். வெளிக்காற்றைவிட எத்தனை பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண் அது. 0.9 என்றால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் மேலே போகும். குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் விசில் வராமல் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகுமே, அதே சங்கதி காரிலும் நடக்கும். ஊசிமுனை ஓட்டை போதும், அழுத்தம் நிற்காது. கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். சிலிண்டர் தலையை ஒட்டி நீராவிக் குமிழ்கள் படலமாக நிற்கும். திரவம் அளவுக்கு நீராவி வெப்பத்தை வாங்காது. அந்த இடம் மட்டும் தகிக்கும், அலுமினியத் தலை வளையும்.

எனக்கு இது உறைத்தது ஆரல்வாய்மொழியில். நாகர்கோவிலிலிருந்து, காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆடிக் காற்று முதுகில் தள்ளியது, வண்டி பறந்தது, வெப்பமானி முள்ளும் கூடவே ஏறியது. காற்றாடிகள் வேகமாகச் சுழல்கிற இடத்தில் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை! கணக்குப் போட்டால் வியப்பில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து 40 கிலோமீட்டரில் காற்று வந்தால் ரேடியேட்டரின் முகத்தில் மோதுவது 20 கிலோமீட்டர் காற்றுதான். நல்ல வண்டியில் விசிறி ஓடி இதைச் சமாளித்துவிடும். அழுத்தமும் அளவும் குறைந்த வண்டியில் முள் காட்டிக்கொடுத்துவிடும். (கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் முள் ஏறாமலும் இருக்கலாம். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம், உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள்.)

நிறுத்தியதும் கை மூடிக்குத்தான் போனது. நல்லவேளை, தொடவில்லை. 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கிற தண்ணீர், மூடி திறந்த கணத்தில் கொதித்துச் சீறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும் என்பதால், அதில் கொஞ்சம் ஆவியானாலே போதும், மற்றதை எல்லாம் முகத்தில் வீசியடித்துவிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற சூடு வரும்வரை காத்திருந்தேன். தகிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் சிலிண்டர் தலை விரிசல் விடலாம்.

மறுநாள் பட்டறையில் அண்ணாச்சி எங்கே ஒழுகுகிறது என்று கேட்கவில்லை. எப்போது குறைகிறது என்று கேட்டார். ராத்திரி நிறுத்தி வைத்தபின் சொட்டினால் ஹோஸ் கிளிப்பைச் சந்தேகிக்கலாம். சூட்டில் விரிந்த உலோகமும் ரப்பரும் குளிர்ந்து சுருங்கும்போது இடைவெளி விழும். ஓடும்போது மட்டும் குறைந்தால் அழுத்தம் ஏறிய பிறகே திறக்கிற ஓட்டை. கால் வைக்கிற மிதியடி ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப்பசையாகப் புகை படிந்தால் டாஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று இருக்கிற குட்டி ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர். நம்மூரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்றாலும் பல வண்டிகளில் கூலன்ட் அதன் வழியாகவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேல் ஹோஸ் ஆறியபின் சப்பிக் கிடந்தால் ஒழுக்கே இல்லாமலும் இருக்கலாம். மூடியில் இரண்டாவதாக ஒரு குட்டி வால்வு உண்டு. எஞ்சின் குளிரும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள வழிவிடுவது அது. அது அடைத்துக்கொண்டால் ஹோஸ் சப்பிவிடும். மூடியை மாற்றினால் போதும், செலவு சில நூறு ரூபாய்.

வெளியே எங்கும் ஈரமில்லை, உள்ளே அளவு குறைகிறது என்றால் பயப்பட வேண்டியது சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டை. ஆயில் பால்காப்பி நிறத்தில் வரும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காது. இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அங்கே மேலே வரும் காற்றை நீலநிறக் கரைசலின் வழியாக இழுப்பார்கள். புரோமோதைமால் புளூ என்கிற சாயம் அது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலை அமிலமாக்கும், நீலம் மஞ்சளாகும். எனக்கு நீலமாகவே நின்றது. அந்த நீலத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

பிறகு அண்ணாச்சி மூடி இருந்த இடத்தில் அழுத்தமானி வைத்த கைப்பம்பை மாட்டினார். ஆறிய எஞ்சின், 0.9 வரை காற்று. சூடில்லாமல் அழுத்தத்தை மட்டும் கொடுப்பதால் கை வைத்துத் தேடலாம், கசிவதும் ஆவியாகி மறையாது. ஐந்து நிமிடத்தில் முள் மெல்ல நழுவியது. டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துத் தேடியதில் வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு பச்சைத் துளி. பக்கத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பொருக்கு. ஓடும்போது அங்கிருந்து சிதறியது சைலன்ஸர் குழாயில் பட்டு ஆவியானதால்தான் தரை காய்ந்தே இருந்தது.

அந்தத் துளி வந்த துவாரம் பம்பைச் செய்யும்போதே வைத்தது. பம்பின் தண்டுக்கு ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் பேரிங். நடுவில் ஒன்றோடொன்று உரசிச் சுழல்கிற இரண்டு வழவழப்பான வளையங்கள்தான் தடுப்பு. அது தேய்ந்தால் கசிகிற கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே விழட்டும் என்று இந்தத் துவாரம். எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டேன்.

“மக்கா, அது வண்டி அழுகதுக்கு வச்ச கண்ணு. அத அடைச்சா பேரிங்குல போயி அழும்” என்றார்.

வளையம் தேய்ந்ததில் என் கிணற்றுத் தண்ணீருக்கும் பங்குண்டு. அதிலுள்ள சுண்ணாம்பு சூடான இடங்களில் பொருக்காகப் படிந்து, உதிர்ந்து, வளையங்களுக்கு நடுவே மணலாக அரைக்கும். கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் இன்னும் மோசம், குளோரைடு அலுமினியத்தையே பொத்தல் போடும். பனியே விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்த மருந்து நீர்த்துப்போகிறது. லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்பொடி போடுவார்களே, அது வேலை செய்யும்தான். துகள்கள் ஓட்டையில் போய்ச் சிக்கும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சள்பொடிக்குத் தெரியாது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவும், அவ்வளவே.

பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால் அதையும் புதிதாகப் போட்டோம், கூடவே சூடு ஏறியதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டும் இரண்டு ஹோஸ்களும். பழைய கூலன்ட்டை முற்றத்தில் கொட்டாமல் கேனில் பிடித்தோம். இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கும், எத்திலீன் கிளைகால் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். புதுக் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே இருந்தார் அண்ணாச்சி. 80 டிகிரியைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து, உள்ளே அடைபட்டிருந்த காற்று குபுக் குபுக்கென்று வெளியே வந்தது.

டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். முதல் நாள் ஒரு விரல் இறங்கியது, மிச்சக் காற்று வெளியேறிய இடம். அதை நிரப்பினேன். அதன்பிறகு கோடு நகரவில்லை.