ஆடு தொடாத செடி

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டைச் சுற்றி வெறும் கடல் மணல். போர் தண்ணீர் லேசாக உப்பு. செம்பருத்தி வைத்தால் தெரு ஆடுகள் மொட்டையடித்துவிட்டுப் போகின்றன. நித்தியகல்யாணியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஏன்? அப்புறம், அது சுடுகாட்டுப் பூ, வீட்டில் ஆகாது என்கிறார் மாமியார். பிடுங்கிவிடட்டுமா?"

பிடுங்காதீர்கள்.

மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. அரளிக்கும் எருக்குக்கும் பங்காளி. மணலில் வரும், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். ஆடு தொடாததற்குக் காரணம் கசப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் கசப்புக்குப் பின்னால் இன்னொரு காவல் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முழு வெங்காயத்தைக் கண்ணருகே வைத்தாலும் எரியாது. அரிவாள்மனையில் வைத்ததும் எரிகிறது. எரிச்சல் தரும் பொருள் வெங்காயத்துக்குள் தயாராக இருப்பதில்லை. செல்லுக்குள் தனித்தனியாக இருந்த இரண்டு சரக்குகள் வெட்டுப்பட்டதும் கலந்து, அந்த நொடியில் உருவாகிறது.

நித்தியகல்யாணியும் அதையேதான் செய்கிறது, இன்னும் அழகாக. இலையின் மேல்தோல் செல்லில், வாக்குவோல் என்று பள்ளியில் படித்தோமே, அந்த நீர்ப்பைக்குள் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருள் இருக்கிறது. அதன்மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஒட்டியிருக்கும். அது ஒட்டியிருக்கும்வரை ஸ்ட்ரிக்டோசிடின் சாது. குளுக்கோஸைக் கத்தரிக்கும் நொதி எங்கே இருக்கிறது தெரியுமா? நியூக்ளியஸுக்குள்! டி.என்.ஏ.வைப் பூட்டிவைத்திருக்கும் அதே அறையில். 2010-இல் இதை விளக்கிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், 'நியூக்ளியஸ் வெடிகுண்டு' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள்.

பல் பட்டதும் பையும் கிழிகிறது, நியூக்ளியஸும் கிழிகிறது. நொதி பாய்ந்து குளுக்கோஸைக் கத்தரிக்கிறது. மிச்சமிருப்பது நிலைகொள்ளாத ஒரு மூலக்கூறு. அகப்பட்ட புரதங்களையெல்லாம் பிடித்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். இதை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் செடியின் சொந்தப் புரதங்களே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் இரண்டையும் பிரித்து வைத்து, கடிக்கிறவன் பல்லாலேயே கலக்க வைக்கிறது. அதுவும் பல் முதலில் படுகிற மேல்தோலில்! ஒருமுறை கடித்துப் பார்த்த ஆடு மறுமுறை மோந்து பார்த்ததோடு போய்விடுவதில் ஆச்சரியம் என்ன?

யாரும் கடிக்காத நாட்களில் அதே ஸ்ட்ரிக்டோசிடின் பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, அதே நொதியிடம் வெட்டுப்பட்டு, பல படிகள் தாண்டி வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிறது. இரண்டுமே புற்றுநோய் மருந்துகள்; குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது வின்கிரிஸ்டின். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். 2022-இல் டென்மார்க்கில் ஈஸ்ட்டுக்குள் ஜீன்களைப் புகுத்தி இதன் மூலப்பொருள்களைச் செய்து காட்டினார்கள். நாமோ தென்மாவட்டங்களில் இதை மானாவாரியாக விளைவித்து, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்புகிறோம். இலைக்குள் நடப்பதை ஆராயவும் நாம் பணம் ஒதுக்க வேண்டாமா?

சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இலையையும் பூவையும் மெல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செல் பிரிவதையே நிறுத்துகிற சரக்கு அதில் இருக்கிறது. வேண்டாம்.

சரி, மாமியார் விஷயம். சுடுகாட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடு மாடு மட்டும் மேய வரும். மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டால் மிஞ்சுவது எது? பெயர் அப்படித்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. செடி சாவைக் கூட்டிவரவில்லை, மற்ற செடிகள் செத்த இடத்தில் சாகாமல் நின்றது, அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் விடுகிற நாளில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள், இலையில் படவேண்டாம். இந்தச் செடிக்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். போன ஐப்பசி மழையில் என் வீட்டு மூலையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. ஐந்து செடி வேர் அழுகிப் போயின. மேட்டில் தானாக விழுந்து முளைத்த ஒன்றுக்கு எதுவும் ஆகவில்லை. உங்கள் மணலில் தண்ணீர் நிற்காது.