பஸ் கம்பி: சொல்லும் பொருளும்

மாதிரி ரயில் தளத்தின் பலகைக்கு அடியில், மின்வழங்கியிலிருந்து புறப்பட்டுத் தளத்தின் நீளம் முழுவதும் ஓடும் தடித்த கம்பி இணைக்குப் ‘பஸ்’ என்று பெயர். மேலே உள்ள தண்டவாளத் துண்டுகளிலிருந்து பலகைத் துளை வழியே இறங்கும் மெல்லிய கம்பிகள் ஆங்காங்கே இதில் வந்து சேர்கின்றன. அவற்றை ‘ஃபீடர்’ என்பர். சென்னையில் இக்கலையில் ஈடுபட்டிருப்போர் இரு சொற்களையும் அப்படியே எடுத்தாள்கின்றனர். ‘லேஅவுட்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் இவ்வூரில் அது மனைப்பிரிவையே முதலில் நினைவூட்டும் என்பதால் இங்கே ‘தளம்’ என்றே எழுதுகிறேன்.

‘பஸ்’ என்பது ‘ஆம்னிபஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வால். ‘ஆம்னிஸ்’ என்றால் ‘எல்லாம்’. அதன் பன்மையோடு நான்காம் வேற்றுமை உருபு சேர்ந்து ‘ஆம்னிபஸ்’, அதாவது ‘எல்லோருக்கும்’, என்றாகிறது. ஆகவே அச்சொல்லில் பொருள் முழுவதும் முன்பகுதியிலேயே இருக்கிறது. நாம் வைத்துக்கொண்டது உருபின் ஒரு துண்டை மட்டுமே. ‘எல்லோருக்கும்’ என்பதில் ‘எல்லோரு’ என்பதை உதறிவிட்டுக் ‘க்கும்’ என்பதை ஒரு வண்டிக்குப் பெயராக வைத்ததற்கு இது ஒப்பாகும். 1820-களில் பிரான்சின் நான்ட் நகரில், கட்டணம் கொடுத்த எவரும் ஏறிக்கொள்ளக்கூடிய குதிரை வண்டிக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. 1829-இல் இலண்டனில் ஜார்ஜ் ஷில்லிபீர் அத்தகைய வண்டியை ஓட்டத் தொடங்கினார். ஆங்கிலேயர் அதைப் ‘பஸ்’ என்று சுருக்கிக்கொண்டனர்.

மின்துறைக்கு இச்சொல் வந்தது வண்டியின் வழியாக அன்று, ‘எல்லோருக்கும்’ என்ற மூலப்பொருளின் வழியாக. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்நிலையங்களில் மின்னாக்கிகள் பலவற்றையும் ஒரே செப்புச் சட்டத்தில் இணைத்து, நகருக்குச் செல்லும் கம்பிகள் அனைத்தையும் அதே சட்டத்திலிருந்து பிரித்தனர். எல்லாவற்றுக்கும் உரிய சட்டம் என்பதால் அது ‘ஆம்னிபஸ் பார்’ ஆயிற்று. பின்னர் ‘பஸ் பார்’ என்று குறுகிற்று. அடுக்குமாடிக் கட்டடங்களின் பேனல் போர்டைத் திறக்கும் நம் மின்பணியாளர் இன்றும் ‘பஸ் பார்’ என்றே சொல்கிறார். சட்டத்தின் இடத்தில் கம்பி வந்தபோதும் மாதிரி ரயில்காரர்கள் பெயரை மாற்றவில்லை.

இப்படி ஒரு கம்பி இணை ஏன் தேவை என்பதை விளக்காமல் சொல்லை மட்டும் விளக்குவது பயன் தராது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் தொடங்கி, பின்னர் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறிய மின்ரயில் தடத்தில், மின்சாரம் மேற்கம்பியில் வந்து தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. மாதிரி ரயிலில் பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களே வருவழியும் திரும்புவழியுமாக அமைகின்றன. மேற்கம்பி கட்டினாலும் அது பெரும்பாலும் தோற்றத்துக்கே. பஸ்ஸில் இரண்டு கம்பிகள் இருப்பதன் காரணம் இதுதான். ஆனால் அத்தண்டவாளம் நல்ல மின்கடத்தி அன்று. ‘நிக்கல் சில்வர்’ என்று அழைக்கப்பட்டாலும் வெள்ளி துளியும் இல்லாத, செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையான அவ்வுலோகத்தின் மின்தடை, தூய செம்பினுடையதைப் போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு, துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகள் நாளடைவில் தளர்ந்து களிம்பேறும்; ஈரமும் உப்பும் கலந்த காற்று வீசும் நம் ஊரில் இது விரைவாகவே நேரும். இரண்டு கம்பிகளைத் தண்டவாளத்தின் ஒரே இடத்தில் மாட்டிவிட்டு மற்றதை இணைப்புத் தகடுகளின் பொறுப்பில் விட்டால், அருகில் விரைந்து ஓடும் எஞ்சின் தொலைவில் தவழும்.

வேகம் குறைவதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிசிசி என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், எச்ஓ (உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு) அளவில் ஏறத்தாழ 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். பெட்டி ஒன்று தடம்புரண்டு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவியான 5 ஆம்பியர் பூஸ்டர் அதை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள மொத்த மின்தடை 3 ஓமைத் தாண்டினால் மின்னோட்டம் 5 ஆம்பியரை எட்டாது, பூஸ்டரும் நிற்காது. 4 ஆம்பியர் ஓடினாலும் அது 60 வாட் வெப்பம். மின்பற்றுவைக்கும் கோல்களில் பரவலாக விற்பது 25 வாட் என்பதை எண்ணிப் பார்த்தால், சக்கரங்களைத் தாங்கும் நெகிழிச் சட்டமும், தண்டவாளத்தைத் தாங்கும் நெகிழிக் கட்டைகளும் என்னவாகும் என்பது விளங்கும். அதனால்தான் தளத்தின் ஒவ்வொரு மூலையிலும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்து, பூஸ்டர் உடனே நிற்கிறதா என்று சோதிக்கின்றனர். நிற்காத இடத்தில் பஸ்ஸோ ஃபீடரோ போதவில்லை என்று பொருள்.

இனித் தமிழ்ச்சொல். ‘பேருந்து’ இங்கே பொருந்தாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அது பெரிய உந்தை, அதாவது வண்டியை, குறிப்பது. கணினித் துறையில் ‘பாட்டை’ என்று ஆண்டிருக்கின்றனர். தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்பவை நன்கு வேரூன்றிவிட்டன. வழி என்னும் பொருள் கொண்ட நல்ல பழஞ்சொல்தான். எனினும் ரயில் தளத்தில் இருப்புப்பாதையே ஒரு பாட்டையாக மேலே கிடக்க, கீழேயுள்ள கம்பியையும் பாட்டை என்பது குழப்பும். இலத்தீன் மூலத்துக்கு மிக நெருங்கியது ‘பொதுக்கம்பி’. சில காலம் நானும் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் நேர்மின்னோட்டத் தளங்களில் பல பகுதிகளின் திரும்புவழிகளை ஒன்றாக்கும் முறைக்குக் ‘காமன்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘பொது’ என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பதே முறை.

நான் பரிந்துரைப்பது ‘தலைக்கம்பி’. ஆற்றிலிருந்து பிரிந்து வரும் தலைவாய்க்காலும், அதிலிருந்து வயல்தோறும் பிரியும் கிளைவாய்க்கால்களும் நம் பாசனத்தில் உண்டு. பஸ்ஸும் ஃபீடரும் செய்யும் வேலை அதுவே, பாய்வது மட்டும் வேறு. அவ்வழியில் ஃபீடர் ‘கிளைக்கம்பி’ ஆகும். ‘ஊட்டுகம்பி’ என்ற நேர்ச்சொல்லும் தவறன்று. ஆனால் பிரித்தானிய வழக்கில் ஃபீடருக்கு ‘டிராப்பர்’ என்ற இன்னொரு பெயர் இருப்பதையும், அதே சொல் உண்மையான மின்ரயில் தடத்தில் மேற்கம்பியைத் தாங்குவடத்திலிருந்து தொங்கவிடும் செங்குத்துக் கம்பியைக் குறிப்பதையும் மறக்கக் கூடாது. தளத்தில் மேற்கம்பியும் கட்டுவோர், ‘டிராப்பர்’ என்பதை அதற்கே வைத்துக்கொண்டு, பலகைக்கடியில் இருப்பதைக் கிளைக்கம்பி என்றால் குழப்பம் இராது.

தடிமனைப் பொறுத்தவரை கணக்கே வழிகாட்டும். 5 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவுமாக 10 மீட்டர் கம்பி வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 3 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.2 வோல்ட் அளவே. ஆகவே தலைக்கம்பிக்கு 2.5, ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத கிளைக்கம்பிக்கு 0.5 என்பது வீட்டு அளவிலான தளங்களுக்குப் பொருத்தம். கடையில் ‘ரெண்டரை ஸ்கொயர்’ என்று கேட்டால் போதும். பழைய மின்பணியாளர் சொல்லும் ‘3/20’ என்பது 20 கேஜ் இழைகள் மூன்று சேர்ந்தது, ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர். சிறிய தளத்துக்கு அதுவும் தாங்கும். விளக்குகளுக்கும் தடமாற்றி மோட்டார்களுக்கும் தனியாக ஒரு தலைக்கம்பி இணை போட்டு, அதற்கு வேறு நிறம் கொடுத்து, ‘துணைத் தலைக்கம்பி’ என்று பலகையின் அடியில் எழுதிவைக்கலாம்.