எதிர்த்திசையில் வந்த வண்டி மோதினால் இழப்பீடு வாங்குவது எப்படி?

நான்குவழிச் சாலையில் நீங்கள் உங்கள் பக்கம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சாலையை விட்டு இறங்கும் சரிவில் ஒருவன் ஏறி வருகிறான். யூ டர்ன் போட இரண்டு கிலோமீட்டர் போக வேண்டுமே என்ற சோம்பல். வந்து மோதிவிடுகிறான். தவறு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது என்றுதான் நாம் நினைப்போம். தெரிந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அலையும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவருடைய கணவர் அப்படித்தான் இறந்தார். எஃப்.ஐ.ஆரில் ‘எதிரே வந்த வாகனம் மோதி’ என்று மட்டும் எழுதியிருந்தது. நடுவில் மீடியன் உள்ள சாலையில் எதிரே வண்டி வருகிறது என்றால், இருவரில் ஒருவர் ராங் சைடில் வந்திருக்க வேண்டும். அது யார் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். ‘உங்கள் கணவரே ஏன் மாறிப் போயிருக்கக் கூடாது?’ என்று கேட்டார். ஒரு சொல் விடுபட்டதற்கு, வர வேண்டிய தொகையில் கால்வாசி போயிற்று.

சட்டத்தை இரண்டே வரியில் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவது அபாயகரமாக ஓட்டும் குற்றம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் அரசுக்குப் போகும். உங்களுக்கான பணத்துக்கு வழி 166-வது பிரிவு. அந்த வழியில்தான் இத்தனை பள்ளங்கள்.

முதல் பள்ளம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிவந்தவரிடம் டியூட்டி டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். தூக்கிவந்தவர் பதற்றத்தில் ‘பைக்கிலிருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும். பின்னாளில் ‘தானாக விழுந்தவர்’ என்று வாதாட அந்த ஒரு வரி போதும். சொந்தக்காரர் யார் முதலில் போய்ச் சேர்ந்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தப்பாக இருந்தால், சரியான விவரத்தை அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். காப்பி பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சிகிச்சைச் செலவுக்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள், ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே நடக்கிறது. இரண்டுமே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில்தான் முழுதாகக் கிடைக்கும். ‘இது விபத்துதான்’ என்று போலீஸ் உறுதிசெய்ய வேண்டும் என்பதைக் காரணம் காட்டி அட்வான்ஸ் கேட்பார்கள். கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அந்த ரசீதுகள்தான் பின்னால் வழக்குக்கு உதவும்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். வாக்குமூலத்தை ரைட்டர் தன் பழக்கத்தில் எழுதுவார். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வரி அச்சுப் போல வந்து விழும், திசை மட்டும் வராது. கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போகும் பாதையில் நான் இடது பக்கமாகப் போனேன், மோதிய வண்டி அதே பாதையில் எதிர்த்திசையில், சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வழியில் ஏறி வந்தது என்று இருக்க வேண்டும். ‘அதெல்லாம் விசாரணையில் வரும்’ என்பார்கள். வராது. எழுத மறுத்தால் நீங்களே கைப்பட எழுதி, பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஜெராக்ஸ் காசு என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

போலீஸ் விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் மகஜரும், அங்கே போடும் வரைபடமும் எஃப்.ஐ.ஆரை விட முக்கியம். அம்புக்குறி எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அன்றே யாரையாவது அனுப்பி இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இறங்கும் வழியின் போர்டு, தரையில் வரைந்த அம்பு, டயர் தேய்ந்த தடம், கிலோமீட்டர் கல் எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். நோ என்ட்ரி போர்டு இல்லை என்றால், இல்லாததும் படத்தில் தெரியட்டும். டோல் ரோட்டில் கேமரா இருக்கும், ஆனால் அந்தப் பதிவு காலத்துக்கும் இருக்காது. பழையதன் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும். அதனால் நாள், நேரம், கிலோமீட்டர் எண்ணைக் குறிப்பிட்டு, ‘அழிக்காமல் வைத்திருக்கவும்’ என்று சாலை அலுவலகத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும் அந்த வாரத்திலேயே கடிதம் கொடுங்கள். காரில் போனவர் என்றால் இன்னொரு சாட்சி இருக்கிறது: ஃபாஸ்டாக் கணக்கு. கடைசியாக எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்பது, நீங்கள் எந்தத் திசையில் வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும்.

இடையில் சமாதானம் பேச ஆள் வரும். மோதியவர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். ‘பாவம், ஏழை, இருபதாயிரம் தர்றாரு, எழுதிக் கொடுத்துடுங்க’ என்பார்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பது தீர்ப்பாயத்தில்தான் உங்களுக்குத் தெரியவரும். ‘இன்சூரன்ஸ் உள்ள வேற வண்டியைக் காட்டிடலாம்’ என்று ஒரு தரகர் சொன்னால் அவர் இருக்கும் பக்கமே போகாதீர்கள். வண்டி மாற்றியது வெளியே வந்தால் உண்மையான விபத்தும் பொய் வழக்காகிவிடும்.

இதைவிடக் கொடுமை, இறந்தவரையே எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகப் போட்டு, ‘எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது’ என்று கோப்பை மூடிவிடுவது. எதிர்த்துப் பேச அவர் உயிரோடு இல்லை, போலீஸுக்கும் வேலை குறைவு. இப்படி நடந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எஃப்.ஐ.ஆரில் உள்ளதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் தீர்ப்பாயத்துக்குக் கிடையாது. நேரில் பார்த்த ஒருவரின் சாட்சியமும் மேலே சொன்ன படங்களும் இருந்தால் அது தனியாக முடிவெடுக்கும்.

2022 ஏப்ரலிலிருந்து உள்ள விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை கொடுக்க வேண்டும், 10 நாளில் உங்கள் உரிமைகளை விளக்கும் 2-ஆம் படிவத்தைத் தர வேண்டும், 90 நாளில் முழு விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்டேஷனில் கேட்டால் ‘அப்படி ஒரு படிவமா?’ என்பார்கள். சரி, ஒரு முறை எழுத்தில் கேட்டு முத்திரை வாங்கிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 166-ல் நீங்களே மனு போடலாம், அதுவும் விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். கெடு 6 மாதம். இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் வரவில்லை, எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் வரவில்லை என்று ஆறு மாதத்தைத் தாலுகா ஆபீஸ் படிக்கட்டிலேயே கழித்தவர்கள் உண்டு. மனுவை முதலில் போடுங்கள், காகிதம் பின்னால் சேரட்டும்.

பலரும் விழும் குழி 164-வது பிரிவு. யார் தவறு என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். கணக்கைப் பாருங்கள். 32 வயது, சுயதொழில், மாதம் 20,000 ரூபாய் வருமானம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. நீதிமன்றங்கள் பின்பற்றும் முறைப்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்வாசி கழித்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000, அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. மொத்தம் 40,32,000. எதிர்த்திசையில் வந்தவன் மேல் தவறு என்று தெளிவாகக் காட்ட முடிகிற குடும்பம் 5 லட்சத்தில் கையெழுத்துப் போட்டால், மிச்சமாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான். ‘சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று யாராவது ஆசை காட்டினால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோதியவன் நிற்காமல் ஓடிவிட்டானா? அதற்கு 161-வது பிரிவு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனுவை ஆர்.டி.ஓ. என்கிற கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ கொடுக்க வேண்டும். இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து, விசாரணை அதிகாரி யார் என்று எழுத்தில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதத்தில் வண்டி அடையாளம் தெரியவில்லை என்றால், இந்தத் திட்டத்தைப் பற்றி ஸ்டேஷன் அதிகாரியே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி ஒரு கடிதம் வந்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

எதிர்த்திசையில் வருகிற வண்டிகளில் பல, பக்கத்துக் கடைக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் பழைய மொபெட். அதற்கு இன்சூரன்ஸ் இருக்காது. அப்போது உரிமையாளர்தான் கட்ட வேண்டும், அவரிடம் இருக்காது. உங்கள் வண்டிப் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ, மோதியவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கிடைக்கும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், லைசென்ஸோடு ஓட்டியிருந்தால் மட்டும். தம்பி வண்டியை அண்ணன் ஓட்டிப்போனால் கிடையாது.

நீங்களே ராங் சைடில் போயிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஹெல்மெட் இல்லாதது, ஒரே பைக்கில் மூன்று பேர் போனது இவற்றை எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். மூன்று பேர் போனது மட்டுமே தொகையைக் குறைக்கக் காரணமாகாது, அதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் இதை நினைவூட்டுங்கள். வக்கீலுக்கு வழியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

கடைசியாக அந்தச் சரிவு. மறுநாளும் அதில் ஒருவன் ஏறி வருவான். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொன்னால் புகார் எண் கிடைக்கும், அதோடு நின்றுவிடாதீர்கள். சர்வீஸ் ரோடு எங்களுடையது இல்லை என்று ஓர் அலுவலகமும், போலீஸ் வேலை என்று இன்னொன்றும் தள்ளிவிடும். நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். ‘பாலத்துக்குப் பக்கத்தில்’ என்று எழுதாதீர்கள், கிலோமீட்டர் எண்ணை எழுதுங்கள். சாலை வடிவமைப்பும் பராமரிப்பும் தரத்தில் குறைந்து அதனால் உயிரோ உடலோ போனால், பொறுப்பானவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் வரை அபராதம் விதிக்கும் 198ஏ பிரிவையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு: இந்தக் கிலோமீட்டரில் எதிர்த்திசை வண்டிகள் பற்றி வந்த புகார்கள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன, நோ என்ட்ரி போர்டு எந்தத் தேதியில் வைக்கப்பட்டது. பதில் வந்தால் ஒரு நகலை இழப்பீட்டு மனுவோடும் சேர்த்துவிடுங்கள்.