பெட்டியில் அச்சிட்ட வேகம் உங்கள் துப்பாக்கியின் வேகம் அல்ல

துப்பாக்கிப் படைக்கலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிறகு, உரிமம் பெற்றவர்களின் கைத்துப்பாக்கிகளைப் பரிசோதித்துக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் ரப்பர்த் தோட்டக்காரர்கள், நகைக்கடை உரிமையாளர்கள், முன்னாள் படைவீரர்கள் அதிகம். 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது என்பதால் ஏறத்தாழ எல்லோர் கையிலும் இருப்பது .32 தான் (குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்). கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர், "தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பதுதானே சார் குண்டின் வேகம்? அதை எதற்குத் தனியாக அளக்க வேண்டும்?" என்று கேட்டார். இதே எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். .32 என்ற பெயரில் நம்மிடையே புழங்குபவை இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள். 1896-ல் வந்த ரிவால்வர் தோட்டா நீளமானது. அதன் குண்டு (சுடும்போது குழலைவிட்டுப் பாயும் பகுதி) 6.35 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 215 மீட்டர். 1899-ல் வந்த பிஸ்டல் தோட்டா குட்டையானது, குண்டு 4.6 கிராம், வேகம் சுமார் 275 மீட்டர். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்துவிடும். நுழைகிறது என்பதற்காகச் சுட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் ஆயுதத்தின் மேல் பொறித்திருக்கும் தோட்டா எதுவோ, அது மட்டும்தான் உங்களுக்கு உரியது.

இனி வேகத்துக்கு வருவோம். தொழிற்சாலை சொல்லும் எண், குறிப்பிட்ட நீளமுள்ள சோதனைக் குழலில் சுட்டு எடுத்த எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். உங்கள் பிஸ்டலின் குழல் அதைவிடக் குட்டை என்றால், தோட்டாவில் உள்ள வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளும் தூரம் குறைகிறது, வேகமும் குறைகிறது. குழல் நீளம் ஒன்றாகவே இருந்தாலும் கணக்கு ஒத்துப்போகாது. பிஸ்டலில் குழலை அளக்கும்போது தோட்டா உட்காரும் அறையும் சேர்ந்தே அளவில் வருகிறது. ரிவால்வரில் தோட்டா சுழல் உருளையில் இருப்பதால், உருளைக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டுமே குழல் என்கிறோம். ஆக, நான்கு அங்குலம் என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் குண்டு ஓடும் தூரம் வேறு. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியே வாயுவின் ஒரு பகுதி வெளியேறிவிடும். அந்த இடைவெளி தேய்மானத்தால் கூடியிருந்தால் இழப்பும் கூடும். ஒரே ஆலையில் செய்த, ஒரே மாதிரியான இரண்டு பிஸ்டல்கள்கூட ஒரே தோட்டாவுக்கு இரண்டு வேகம் காட்டுவதை அளந்து பார்த்தவர்கள் அறிவார்கள். குழலின் உள்விட்டத்தில் உள்ள மிக நுண்ணிய வேறுபாடே அதற்குப் போதும்.

அளக்கும் கருவியின் பெயர் குரோனோகிராஃப். இரண்டு ஒளியுணரிகள், இடையில் தெரிந்த தூரம், நடுவில் ஒரு நுண் கடிகாரம், அவ்வளவுதான். உணரிகளுக்கு இடையே 30 செ.மீ. இருந்து, குண்டு வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போனால், கடக்க ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நுண்மையால்தான் சின்னத் தவறும் அளவைக் கெடுக்கிறது. கருவியைக் குழலின் வாய்க்கு மிக அருகில் வைத்தால் குண்டுக்குப் பதிலாக வெடிப்பு வாயுவையே அது அளந்துவிடும். மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். மேகம் விலகிச் சட்டென்று வெயில் அடித்தால் ஒளியுணரி தடுமாறும். ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கத்து வானம் எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை. ஒளியைத் தடுக்கும் மேல்மறைப்பு இல்லாமல் அப்போது அளப்பது வீண். இதை அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். தோட்டத்துக்குள் போய்ச் சுட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களை நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் மரங்களுக்கு நடுவே இருப்பார்கள். இந்தச் சின்னக் குண்டு பல நூறு மீட்டர் போகும்.

எண்கள் வந்த பிறகு எல்லோரும் சராசரியைக் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மிக அதிக வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியை. பத்துத் தோட்டாவில் ஒன்பது 215-ஐ ஒட்டி நின்று, ஒன்று மட்டும் 150-க்கு இறங்கினால், சராசரி 208-க்கு மேல்தான் இருக்கும். பார்ப்பதற்கு நல்ல எண். ஆனால் அந்த ஒரு தோட்டா அபாய அறிவிப்பு. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பத்து விழுக்காடு குறைந்தால் ஆற்றல் பத்தொன்பது விழுக்காடு குறைகிறது. இங்கே வேகம் முப்பது விழுக்காடு போயிருக்கிறது, ஆற்றலில் பாதிக்கு மேல் காணோம்.

இப்படி ஒரு தோட்டா தனித்து விழுவதற்கு நம் மாவட்டத்தில் காரணங்கள் அதிகம். இரண்டு பருவமழை, கடற்காற்று, ஈரம். தோல் பெல்ட்டிலேயே வருடக்கணக்காகச் செருகி வைத்த தோட்டாவை உருவிப் பாருங்கள்: தோல் பட்ட இடத்தில் பித்தளை உறையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வளையம்போல் படிந்திருக்கும். தோலைப் பதப்படுத்திய பொருளும் ஈரமும் சேர்ந்து பித்தளையை அரிக்கின்றன. அதைத் துடைக்கிறேன் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது அதைவிட மோசம். எண்ணெய் மெல்ல, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்தால் அது சரியாகப் பற்றாது. தோட்டாவை அதன் அட்டைப்பெட்டியிலேயே, காற்றுப்புகாத டப்பாவில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். காரின் முன்பலகையில் வெயிலில் கிடக்க விடாதீர்கள். மருந்து சூடானால் அழுத்தமும் வேகமும் ஏறும்.

வேகம் மிகவும் குறைந்துபோன தோட்டாவின் குண்டு குழலைவிட்டு வெளியேறாமல் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும், விரல் போகும். வழக்கத்தைவிடச் சத்தம் மெலிந்து, கையில் உதைப்பு குறைந்து தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி விசையை அழுத்தாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகு எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுங்கள். ரிவால்வரின் உருளை திரும்ப மறுத்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். குண்டு பாதி உருளைக்குள்ளும் பாதி குழலுக்குள்ளும் மாட்டியிருக்கலாம். கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அப்படியே உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அதே பெட்டியில் மீதமிருக்கும் தோட்டாக்களையும் மறக்காமல் உடன் கொண்டுசெல்லுங்கள்.